காந்தலும் எரிச்சலும்

போன சித்திரையில் சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ராசிபுரத்திலிருந்து காலை முதல் பஸ். வழி முழுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு, முன் சீட்டின் காலில் இருந்த இரும்புக் கம்பியில் பாதத்தை ஒட்டிவைத்துக்கொண்டே வந்தேன். சில்லென்று இருந்தது. அது சூடானதும் வேறு இடம் தேடி நகர்த்தினேன். பக்கத்தில் அம்மா, மடியில் என் பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய மஞ்சப்பை.

"எரியுதா, குத்துதா, மரத்துப்போகுதா?" என்றார் மருத்துவர்.

"எரியுதுங்க" என்றேன். 'பர்னிங் சென்சேஷன், போத் ஃபீட்' என்று தட்டினார். அப்போது அம்மா குறுக்கே வந்தார்.

"எரியறதில்லீங்க டாக்டர். காந்துது."

"ரெண்டும் ஒண்ணுதானுங்கம்மா."

"ஒண்ணில்லீங்க. எரியறதுன்னா மொளகா பட்டாப்பல. மேலால இருக்கும், தண்ணி ஊத்துனா அமரும். காந்தறது உள்ளுக்குள்ளீங்க. பாலு அடிப்புடிச்சா அடுப்ப நிறுத்துனதுக்கப்புறமும் சட்டி காந்திக்கிட்டே கெடக்குமில்லீங்க, அப்பிடி."

மருத்துவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே இன்னும் நாற்பது பேர் டோக்கனோடு இருந்தார்கள். ஆனால் நான் அந்த வாக்கியத்தைவிட்டு இன்னும் நகரவில்லை. பத்து வருஷமாகக் கதையும் கவிதையும் வாசிக்கிறவள், நான்கைந்து விமர்சனக் கட்டுரைகளும் எழுதியிருக்கிறேன். என் காலில் நடப்பதற்குச் சரியான சொல் என்னிடம் இல்லை. ஏழாவதோடு தறிக்குப் போன அம்மாவிடம் இருந்தது.

*

மிளகாயை அம்மா இழுத்தது சும்மா இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு நரம்பு முனையில் ஒரு வாங்கியைக் கண்டுபிடித்தது. டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். மிளகாயின் காரம் பட்டாலும் அது திறக்கிறது, ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் அதுவேதான் திறக்கிறது. 2021இல் ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து ஜூலியஸுக்கு நோபல் கொடுத்தார்கள். ஆக, மிளகாய் பட்டால் 'எரியுது' என்று நாம் சொல்வது உவமையே இல்லை. நரம்பைப் பொறுத்தவரை தீயும் மிளகாயும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. என் விஷயத்தில் கதவைத் தட்ட யாருமே இல்லை, அது தானாக அடித்துக்கொள்கிறது. நுண்நரம்புகள் சிதைந்தால் இப்படி ஆகும் என்கிறார்கள். வழக்கமான நரம்புக் கடத்தல் பரிசோதனை தடித்த நரம்புகளை மட்டும்தான் அளக்கும். அதனால் என் ரிப்போர்ட்டில் எல்லாம் 'நார்மல்'. நார்மல் என்று அச்சடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று மணிக்கு ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு தனி அனுபவம்.

சொல்லுக்கு வருகிறேன். நோய்வாய்ப்படுதல் பற்றி வர்ஜினியா வுல்ஃப் 1926இல் எழுதிய கட்டுரை பிரசித்தம். பெரிய சோகங்களையெல்லாம் சொல்ல முடிகிற ஆங்கிலத்துக்கு நடுக்கத்தையும் தலைவலியையும் சொல்ல வார்த்தை இல்லை என்பது அவருடைய புகார். எலைன் ஸ்கேரி 1985இல் 'தி பாடி இன் பெய்ன்' எழுதியபோது இன்னும் ஒருபடி மேலே போனார். வலி மொழியை எதிர்ப்பதோடு நிற்பதில்லை, அதை அழிக்கவே செய்கிறது என்றார். நம் பக்கத்துக் கட்டுரைகளிலும் இது இப்போது வேதவாக்குப்போல் திரும்பத் திரும்ப வருகிறது: வலி சொல்லுக்கு அப்பாற்பட்டது.

எனக்கு இதில் சந்தேகம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் அரைமணி நேரம் நின்றுபார்த்தால் போதும். சுருக்கு சுருக்குன்னு, விண்ணு விண்ணுன்னு, மதமதன்னு, திகுதிகுன்னு, கடுகடுன்னு, வெடுக்குன்னு, எறும்பு ஊர்றாப்பல, மணல்ல மிதிச்சாப்பல, பஞ்சுமேல நடக்கறாப்பல. கடைசி மூன்றையும் நரம்பியல் பாடநூல்கள் தனி அறிகுறிகளாகவே எழுதிவைத்திருக்கின்றன. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் மெக்கில் வலி வினாப்பட்டியலை வெளியிட்டார். 78 சொற்கள், 20 தொகுதிகள். எரிகிற வகை ஒரு தொகுதி, குத்துகிற வகை இன்னொன்று. வலி மொழியை அழிக்கிறது என்று ஸ்கேரி எழுதுவதற்குப் பத்து வருஷம் முன்பே, வலியில் இருப்பவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று ஒருவர் எண்ணிவைத்துவிட்டார். (ஸ்கேரிக்கும் அந்தப் பட்டியல் தெரியும். அதைப் பாராட்டித்தான் எழுதுகிறார். தெரிந்தும் தன் பெரிய வாக்கியத்தை விட மனசு வரவில்லை போலும்.)

தமிழில் வலிக்குச் சொல் பஞ்சமில்லை. இருந்த சொற்கள் உடம்பைவிட்டுக் குடிபெயர்ந்துபோனதுதான் நடந்திருக்கிறது. 'உளைச்சல்' என்றால் இன்று உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மன உளைச்சல். எங்கள் அம்மாயிக்கு அது நாளெல்லாம் நாத்து நட்டுவிட்டு வந்தபின் கெண்டைக்காலில் இருப்பது. 'எரிச்சல்' இப்போது ஒரு மனநிலை. 'கடுப்பு' அதைவிடச் சின்ன மனநிலை, வாட்ஸப்பில் நீலக்குறி வந்தும் பதில் வராதபோது வருவது. 'குடைச்சல்' என்றால் மேலதிகாரி கொடுப்பது. 'குத்தல்' ஒருவகைப் பேச்சு. 'வலி'யைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடந்த பதினைந்து வருஷக் கவிதைத் தொகுப்புகளில் நான் வாசித்தவரை பத்துக்கு ஒன்பது வலி காதல் முறிவுதான். நானும் அப்படி ஒரு டஜன் எழுதினேன், நல்லவேளையாக யாரும் போடவில்லை.

சொல் இடம்மாறுவது பிழையில்லை, எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஆனால் போனது திரும்பி வரவில்லை. 'எனக்கு எரிச்சலா இருக்கு' என்று இன்று நான் சொன்னால் எதிரே இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி 'யார் மேல?' என்பதாக இருக்கிறது.

*

நம் புனைகதை நோயாளியைக் கவனிக்காமல் இல்லை. பிரியத்தோடு கவனித்திருக்கிறது. சிக்கல், கவனிக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மா'ளை இந்த ஒரு வருஷத்தில் நான்கு முறை வாசித்தேன். சென்னையில் ஜவுளிக்கடைச் சம்பளத்தில் காலம்தள்ளும் பிரமநாயகம் பிள்ளை, நோயிலேயே கிடக்கும் மனைவி. அவர் கடையிலிருந்து நடந்துவந்து, அடுப்பு மூட்டி, மருந்து கொடுத்து, தூங்குகிறாளா போய்விட்டாளா என்று பார்க்கிற அந்த ராத்திரிகளைப்போல் தமிழில் வேறு ராத்திரிகள் எழுதப்படவில்லை. அவள் போனதும் அவருக்குள் ஒருவித ஆறுதல் ஓடுவதைக்கூட மறைக்காமல் எழுதிவிட்டார். மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் நான்காம் முறை எனக்கு வேறொன்று உறைத்தது. செல்லம்மாளுக்கு எங்கே, எப்படி வலித்தது என்று கதை முடிந்த பிறகும் எனக்குத் தெரியாது. பிள்ளையின் களைப்பு எந்த மூட்டில் இருக்கிறது என்று தெரிகிறது. அவள் உடம்பு வெட்டி விறைப்பது தெரிகிறது, அதுவும் கட்டிலுக்கு வெளியிலிருந்து. அந்தப் பக்கத்துக் கதை எழுதப்படவில்லை.

இமையத்தின் 'செல்லாத பணம்' இன்னும் பொருத்தமான உதாரணம். விஷயமே எரிதல். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி ஆட்டோக்காரரைக் கல்யாணம் செய்து, கடைசியில் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி எங்கே நடக்கிறது? வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, காவலாளி, பக்கத்துப் படுக்கைக்காரர்களின் சொந்தங்கள். அவர்கள் பேசுகிறார்கள், அழுகிறார்கள், பணம் எண்ணுகிறார்கள். எரிந்த உடம்பு கதவுக்கு அந்தப் பக்கம். இதை இமையம் தெரிந்தேதான் செய்திருக்கிறார், பணம் செல்லாத இடம் அந்தக் கதவுதான் என்பது நாவலின் வலுவே. இருந்தாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு பழக்கம் புலப்படுகிறது. எண்பது வருஷத்துக்குக் கிட்ட இடைவெளி, ஆனால் நம் எழுத்தாளர்கள் நோயைப் பார்க்க வந்தவர்களாகவே இருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு.

எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டையும் வெயிலையும் அவரளவு யாரும் எழுதவில்லை. முதல் நாவலின் பெயரிலேயே வெயில் இருக்கிறது. 'பூக்குழி'யில் நகரத்திலிருந்து வந்த சரோஜா, குமரேசனின் ஊர்ப் பாறைமேல் கால்வைக்கிற இடங்களை என் பாதத்தால் வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பாறையின் சூடு அசல் சூடு. ஆனாலும் அது காரணம் உள்ள சூடு. சாதி எரிக்கிறது, ஊர் எரிக்கிறது, முடிவில் தீயே வருகிறது. தலைப்பு ஏற்கனவே ஒரு குழியை வெட்டிவைத்துவிட்டது. இங்கே சேலம், நாமக்கல் மாரியம்மன் கோவில்களில் குண்டம் மிதிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தணல்மேல் நடந்துவந்து 'ஒண்ணும் ஆகலீங்க' என்று சிரிக்கிற பாதங்கள் அவை. தணலே இல்லாமல் காந்துகிற பாதத்துக்கு அந்தக் கதையில் இடமில்லை. நெருப்புக்கு அர்த்தம் இருந்தே ஆக வேண்டும் என்று நம் கதைகள் எதிர்பார்க்கின்றன. என் நெருப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை. சர்க்கரை இல்லை, பி12 சரியாக இருக்கிறது, தைராய்டு சரி. காரணம் தெரியாதது என்பதற்கு மருத்துவத்தில் 'இடியோபதிக்' என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

உள்ளேயிருந்து எழுதியவர்களைத் தேடியபோது முதலில் ஒரு டாக்டர் அகப்பட்டார். சைலஸ் வெயர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சிதைந்த வீரர்களைப் பிலடெல்பியாவில் பார்த்தவர். நரம்புக் காயத்தால் வரும் எரிவலிக்குக் 'காசால்ஜியா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்த சிப்பாய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை வாசித்த அன்று எனக்கு அழுகையே வந்தது. நானும் மழைக்காலத்து ரப்பர் செருப்பில் அதையே செய்திருக்கிறேன். இதே மிட்செல் 1866இல் 'ஜார்ஜ் டெட்லோவின் கேஸ்' என்று ஒரு சிறுகதையைப் பெயர் போடாமல் வெளியிட்டார். கைகால்களையெல்லாம் இழந்த ஒருவன் தன்மையில் சொல்லும் கதை. இல்லாத காலில் இருக்கிற உணர்வைப் பற்றியது. ஜனங்கள் நிஜம் என்று நம்பி, அந்தக் கற்பனை ஆளுக்குப் பணம் அனுப்பினார்கள். மாயக்கால் என்ற பெயரை அவர் பயன்படுத்தியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. மருத்துவருக்கே உள்ளிருந்து பார்க்க வேண்டியிருந்தபோது ரிப்போர்ட் போதவில்லை, 'நான்' தேவைப்பட்டது. ஆனால் பெண்கள் விஷயத்தில் அந்த நான் அவருக்கு வேலை செய்யவில்லை. படுக்கையில் போட்டு, புத்தகமும் பேனாவும் பிடுங்கிக்கொள்ளும் 'ஓய்வுச் சிகிச்சை'யைப் பிரபலமாக்கியதும் அவரே. அதை அனுபவித்த சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் 'தி யெல்லோ வால்பேப்பர்' எழுதிப் பதில் சொன்னார்.

இரண்டாவது ஆள் அல்ஃபோன்ஸ் தோதே. முதுகுத்தண்டைத் தின்கிற சிபிலிஸ், கால்களில் மின்னல்வெட்டாய் வலி. பல வருஷம் குறிப்புகள் எழுதினார். அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 1930இல்தான் 'லா தூலூ' என்று புத்தகமாக வந்தது. ஆங்கிலத்தில் ஜூலியன் பார்ன்ஸ் 2002இல் மொழிபெயர்த்தார். எழுபது, எண்பது பக்கம்தான். கதை இல்லை, வளர்ச்சி இல்லை, முடிவு இல்லை. வலி அனுபவிக்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு, சுற்றி இருப்பவர்களுக்கு மறுவாரமே பழசு என்கிற அர்த்தத்தில் ஓரிடத்தில் எழுதுகிறார். ஒரு பக்கத்தில் வேதனை, அடுத்ததில் சக நோயாளியைப் பற்றி வம்பு, அதற்கடுத்ததில் ஒரு ஹோட்டல் சாப்பாடு. நாள்பட்ட வலியின் வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். கொஞ்சம் அலுப்பூட்டும் வடிவம். அந்த அலுப்பைத் தாங்க நம் பத்திரிகைகள் இடம்தருமா தெரியவில்லை. ஒரு எடிட்டர் நண்பரிடம் கேட்டேன். "நல்லா இருக்குங்க, ஆனா எதாவது நடக்கணும்ல?" என்றார்.

எதுவும் நடக்காத ஒரு வலிப் பனுவல் தமிழில் ஏற்கனவே இருக்கிறது, ஆயிரத்து முந்நூறு வருஷமாக. அப்பரின் திருவதிகைப் பதிகம். சூலைநோய் பாடியது. நமக்கெல்லாம் கதை தெரியும்: சமணத்திலிருந்தவருக்கு வயிற்றில் வலி, அக்கா திலகவதியார் திருநீறு கொடுக்கிறார், பாடுகிறார், வலி பறக்கிறது. நானும் அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தேன். கால் ஆரம்பித்த பிறகு பதிகத்தை மட்டும் தனியாக எடுத்து வாசித்தேன். பத்துப் பாட்டு. வலி எங்கே பிடிக்கிறது, எப்படிக் கட்டி முடக்குகிறது என்று டாக்டரிடம் சொல்வதுபோல் இடம்காட்டிச் சொல்கிறார். என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிறார். கெஞ்சுகிறார், சலித்துக்கொள்கிறார், லேசாகச் சண்டைகூடப் போடுகிறார். பத்தாவது பாட்டிலும் வியர்த்துப் புரண்டுகொண்டேதான் இருக்கிறார், நீக்கு என்றுதான் கேட்கிறார். பதிகத்துக்குள் வலி தீரவே இல்லை.

தீர்த்துவைத்தவர் சேக்கிழார். ஐந்நூறு வருஷம் கழித்து, பெரிய புராணத்தில். அங்கே வலி ஒரு கதைத் திருப்பமாகிவிடுகிறது. மதம்மாற வைக்க வந்தது, மாற்றியது, போனது. பக்தி நோக்கில் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசகர்களாக நாம் அப்பரை விட்டுவிட்டுச் சேக்கிழாரின் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டோம். வலி என்றால் அது எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டும். 'இந்த வலி உங்களுக்கு என்ன கத்துக்குடுத்துச்சு?' என்று போன மாதம் ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். சிமெண்டுத் தரையைவிட மொசைக் சீக்கிரம் குளிரும் என்று கற்றுக்கொடுத்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

*

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஊர்ப்பெருமைக்காக அல்ல. மருத்துவ இலக்கியத்தில் 'எரிபாத நோய்' என்று ஒன்று உண்டு. கிரியர்சன்-கோபாலன் சிண்ட்ரோம் என்பது அதன் இன்னொரு பெயர். 1826இல் கிரியர்சன் விவரித்தார், 1946இல் இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் சி. கோபாலன் எழுதினார். இந்தக் கோபாலன் 1918இல் சேலத்தில் பிறந்தவர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்தியவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராக இருந்தவர், 2019 அக்டோபரில் நூறு வயதில் மறைந்தார். சத்தில்லாத சோற்றில் பி வைட்டமின்கள் போதாமல் பாதம் எரிகிற ஏழைகளைப் பற்றி அவர் எழுதியபோது வயது 28கூட ஆகவில்லை. வெள்ளிக்கொலுசுக்குப் பேர்போன ஊர், எரிகிற பாதத்துக்கும் தன் பிள்ளையின் பெயரைக் கொடுத்திருக்கிறது. சேலத்தில் நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. எனக்கும் இந்த நோய் வரும்வரை தெரியாது.

என்னுடையது அவர் சொன்ன வகை இல்லை, வைட்டமின் ஊசியெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்த ராத்திரி ஒன்றை யோசித்தேன். 'கால் எரியுது' என்று வந்த கூலிக்காரர்களின் பேச்சை ஒரு இளம் டாக்டர் அப்படியே நம்பியிருக்கிறார். வெயில், வேலை, பித்தம் என்று அனுப்பிவிடவில்லை.

நான் அனுப்பிவிட்டேன். அதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினாறு வருஷம். நான் காலேஜ் படிக்கும்போது ராத்திரிகளில் சமையலறைத் தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளங்காலில் மருதாணி அப்பிக்கொள்வார், விளக்கெண்ணெய் தேய்ப்பார். "காலு நெருப்பாட்டம் காந்துது கண்ணு" என்பார். நான் பரீட்சைக்குச் 'செல்லம்மாள்' வாசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். உண்மையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன். "எரிச்சல் பண்ணாதம்மா, ஃபேன் கீழ படு" என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எரிச்சல் என்ற சொல் அந்த ராத்திரி யாருடையதாக இருந்தது என்று பாருங்கள்.

அன்று மருத்துவரின் அறையில், நாங்கள் எழுந்தபோது, அம்மா பெருமையாகச் சொன்னார்: "எனக்கும் இருந்துச்சுங்க. இப்பக் காந்தறதே இல்ல. ரெண்டு வருஷமா நல்லாயிருச்சு."

மருத்துவர் தட்டுவதை நிறுத்தினார். "உக்காருங்கம்மா, செருப்பக் கழட்டுங்க" என்றார். மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்து உள்ளங்காலில் பத்து இடத்தில் அழுத்தினார். பட்டதும் 'ம்' சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வலது காலில் மூன்று இடத்தில் 'ம்' சொன்னார். இடது காலை அவர் முடித்துவிட்டு இழையை உள்ளே வைத்த பிறகும், "ஆரம்பிங்க டாக்டர்" என்றார். இடது கட்டைவிரலுக்கு அடியில், காசு அகலத்தில், ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்துகொண்டிருந்தது. எப்போது சுட்டது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மாடியில் வத்தல் காயப்போட்டபோது இருக்கலாம் என்றார்.

இப்போது தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா கட்டிலில் காலை நீட்டுவார். ஃபோன் டார்ச்சை அடித்து விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்க்கிறேன். நான் குந்தி உட்கார்ந்திருப்பது ஈரத்துணிமேல். "உனக்கு இன்னைக்கு எப்பிடி கண்ணு?" என்பார். "காந்துதும்மா" என்பேன். "காந்தட்டும், காந்தட்டும்" என்கிறார்.